சந்தனப் பொட்டுக்கு அடியில் ஒரு பிளஸ்

கண்ணுகளா, உங்கள் இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வரும்போது கூடவே ஒரு கதையும் வரும். உங்கள் அப்பா கைக்குழந்தையின் தூளியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டு தாங்காமல் தரையில் விழுந்த கதை. சித்தி சொல்வாள். சித்தப்பா நடித்துக் காட்டுவார். உங்கள் அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நீங்களும் சிரிப்பீர்கள். நான் பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருப்பேன்.

விழுந்தது உண்மை. தூளியும் உண்மை. என் எடைதான் காரணம் என்பது மட்டும் உண்மை இல்லை. காரணம் மின்சாரத்தின் துருவம், அதாவது பிளஸ், மைனஸ். இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் கடைசியில் சொல்கிறேன். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். எழுதியதில் தப்பு இருந்தால் உங்கள் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். வெல்டிங்கில் இருக்கும் தப்பை மட்டும் என்னிடம் விடுங்கள்.

முதலில் பாடம், பிறகு கதை. பாடம் இல்லாமல் கதை கேட்டதால்தானே இத்தனை வருஷம் என் தொப்பை மாட்டிக்கொண்டது.

நம் பட்டறையில் இருக்கும் வெல்டிங் மிஷினில், முன்பக்கம் கீழே இரண்டு ஓட்டைகள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் கேபிள் சொருகியிருக்கும். ஒரு கேபிளின் முனையில் ராடை, அதாவது உருகி ஒட்டும் கம்பியை, பிடிக்கும் ஹோல்டர். அதை நான் கையில் பிடிப்பேன். இன்னொன்றின் முனையில் கிளாம்ப். அதை ஒட்டவேண்டிய இரும்பில் கவ்வ வைப்பேன். ராடின் நுனியை இரும்பில் உரசிக் கொஞ்சம் தூக்கினால், நடுவில் இருக்கும் இடைவெளியை மின்சாரம் தாண்டும். அந்தத் தாண்டல்தான் நீங்கள் பார்க்கக் கூடாது என்று நான் கத்தும் வெளிச்சம். அந்தச் சூட்டில் ராடும் உருகும், இரும்பும் உருகும், இரண்டும் கலந்து இறுகும்.

ஆனால் அந்தச் சூடு இரண்டு பக்கமும் சரிசமமாகப் பங்கு பிரிவதில்லை. இந்த மிஷினில் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். அதனால் எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். நாங்கள் வழக்கமாக ராடை பிளஸில் வைப்போம். அப்படி வைத்தால் நெருப்பு இரும்புக்குள் ஆழமாகக் குடையும். ராடை மைனஸில் வைத்தால், ராடு வேகமாக உருகி இரும்பின் மேலேயே படியும். மெல்லிய தகட்டில் ஓட்டை விழாமல் ஒட்ட அதுதான் தோது. கனத்த இரும்புக்கு அது ஆகாது. ஆகவே பிளஸ் நல்லது, மைனஸ் கெட்டது என்று நினைக்காதீர்கள். எதற்கு எது என்பதுதான் விஷயம்.

ஏன் இப்படி என்று நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். எலெக்ட்ரான் மைனஸிலிருந்து பிளஸுக்கு ஓடுகிறது என்று ஒருவர் சொன்னார். ராடின் மேல்பூச்சுதான் காரணம் என்று இன்னொருவர் சொன்னார். டங்ஸ்டன் ஊசி வைத்துச் செய்யும் வெல்டிங்கில் எல்லாம் நேர்மாறு என்று மூன்றாமவர் சொல்லிக் குழப்பிவிட்டுப் போனார். மூன்றும் சரியாம். இதில் வேடிக்கை, ராடை மைனஸில் வைப்பதற்குத்தான் பழைய ஆட்கள் ‘நேர்’ என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் தினமும் செய்வதற்குப் பெயர் ‘தலைகீழ்’. ஊர் முழுக்க இரும்புக் கேட்டும் படிக்கட்டும் தலைகீழாகத்தான் ஒட்டியிருக்கிறது, உறுதியாக நிற்கிறது.

இனி கதை.

அந்தக் கைக்குழந்தை உங்கள் சித்திக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. பேறுகாலத்துக்கு நம் வீட்டுக்கு வந்தவள், ஹாலில் விட்டத்துக் கொக்கியில் புடவையைக் கட்டித் தூளி போட்டாள். பிள்ளை அதில்தான் தூங்குவான். பாயில் போட்டால் அடுத்த நிமிஷம் தெருவுக்கே கேட்கும். விஜயதசமி நல்ல நாள், அன்று சாயங்காலம் அவர்களுடைய நாவலூர் ஃபிளாட்டுக்குக் கிளம்புவது என்று முடிவானது. அங்கே கூரையில் கொக்கி கிடையாது. துளை போடக் கூடாது என்று அசோசியேஷனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கடையில் தூளி மாட்ட மடக்கும் ஸ்டாண்டு விற்கிறது. சித்தப்பா அதை போனில் காட்டினார். சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாமா, அதுல நான் பிள்ளையப் போட மாட்டேன். இவன் ஒருத்தன்தான் எனக்கு. நீங்க உங்க கையால ஒண்ணு பண்ணிக் குடுங்க. அப்பதான் நான் கண்ண மூடித் தூங்குவேன்.”

அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சரிம்மா என்றேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. முடிச்சூர் ரோட்டை ஒட்டிய நம் பட்டறையை அன்று பார்த்தால் அடையாளம் தெரியாது. பட்டறையில் என்னோடு வேலை செய்யும் அண்ணாவும் நானும் கேபிளையெல்லாம் கழற்றி, மிஷினைத் துடைத்து, சுத்தியல் வரைக்கும் வரிசையாக அடுக்கினோம். உங்கள் அம்மா சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். கட்டிங் மிஷினுக்கு ஒரு பொட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்கு ஒரு பொட்டு. வெல்டிங் மிஷின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள்.

“இதுக்கு மூஞ்சி எங்க இருக்கு?”

“ரெண்டு ஓட்ட கீதுல்ல தங்கச்சி, அதான் கண்ணு,” என்றார் அண்ணா.

கண்ணுக்கு மேல் பொட்டு வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே தாராளமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மிஷின் செய்த கம்பெனிக்காரன் அந்த இரண்டு இடத்தில்தான் சின்னதாக ஒரு பிளஸும் ஒரு மைனஸும் பள்ளமாக வார்த்திருந்தான். பள்ளம் நிறையச் சந்தனம். பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது. நானும் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

பொரி, சுண்டல் முடிந்து, மறுநாள் வேலைக்குத் தயாராகக் கேபிளைத் திரும்பச் சொருகி வைத்தோம். சொருகியது யார்? அண்ணா என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் என்று அண்ணாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினில் தொழில் படித்தவர். இரண்டு ஆள் தூக்கும் அந்தப் பெட்டியில் மின்சாரம் முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடும். அதற்குத் துருவமே கிடையாது. “எந்த வயர எந்த ஓட்டைல சொருவுனா இன்னா, கரண்டுதானே வருது” என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. அந்த மிஷினுக்கு அது சரியான கொள்கையும்கூட.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது. வேலை நடக்க நடக்கத் தானாக உதிர வேண்டும். விஜயதசமி காலையில் மிஷினைப் போட்டு, அன்று முதல் வேலையாக நல்லதாக ஒன்றைச் செய்ய வேண்டும். பொத்தேரி காலேஜ் பையன்கள் உடைத்துக் கொண்டுவந்து போட்டிருந்த இரும்புக் கட்டில் ஒன்று காத்திருந்தது. அதை ஓரமாகத் தள்ளினேன். முதல் வேலை பிள்ளைக்குத் தூளி ஸ்டாண்டு. இதைவிட நல்லது என்ன இருக்கிறது?

கனமான குழாயில் இரண்டு பக்கமும் கவட்டைக் கால்கள், மேலே ஒரு குறுக்குக் குழாய், அதன் நடுவயிற்றில் தொங்கும் கொக்கி. அவ்வளவுதான் ஸ்டாண்டு. ராடை உரசியதும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பொறி அதிகம் தெறிக்கவில்லை. சத்தமும் சாந்தமாக வந்தது. ராடு வெண்ணெய் மாதிரி வழிந்து, மீன் செதில் அடுக்கியது போல வரிசையாகப் படிந்தது. தட்டியதும் மேல்கசடு தானாகப் பெயர்ந்து விழுந்தது. இவ்வளவு அழகான வெல்டிங்கை நான் வைத்ததில்லை.

அண்ணா குனிந்து பார்த்தார். “இன்னாபா இது, நக கடைல செஞ்ச மாதிரி கீது. சாமி எறங்கிச்சுபா மிஷின்ல.”

“கை அண்ணா, கை,” என்றேன். கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்றும் எழுதிவிடுகிறேன்.

கொக்கிதான் கடைசி. அதையும் அதே அழகோடு ஒட்டி, ஆறவிட்டு, உங்கள் அம்மா கொடுத்தனுப்பியிருந்த பழைய நூல் புடவையைக் கட்டினேன். இங்கேதான் அந்தப் பிரபலமான காட்சி. சித்தப்பா நடிப்பதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது: நான் ஆசைப்பட்டு ஏறவில்லை. மனுஷனைத் தாங்க வேண்டிய எதையும் நாங்கள் முதலில் தாங்க வைத்துப் பார்ப்போம். ஏணி என்றால் ஏறிக் குதிப்போம். பால்கனிக் கைப்பிடி என்றால் இரண்டு பேர் சாய்ந்து தொங்குவோம். தூளிக்கும் அதே சட்டம். உட்கார்ந்தேன், காலைத் தூக்கினேன், ஒரு உலுக்கு உலுக்கினேன்.

சத்தமே வரவில்லை. கொக்கி புடவையோடு வந்துவிட்டது. சிமெண்டுத் தரை எனக்காகக் காத்திருந்தது.

புடவைக்குள்ளிருந்து நான் தலையை வெளியே எடுத்தபோது அண்ணா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

“அப்ப சிரிக்கலாமா?”

“சிரிங்க.”

அவர் சிரித்து முடிக்கட்டும் என்று கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் சிரிப்பு அங்கேயே நின்றது. ஒட்டிய உலோகம் முழுசாகக் கொக்கியோடு வந்திருந்தது. அந்த மீன் செதில் கொஞ்சமும் குலையவில்லை. குறுக்குக் குழாயில் அது இருந்த இடம், நன்றாகக் காய்ந்த கல்லிலிருந்து தோசையை எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நீலக்கறுப்புப் பூச்சுகூட அங்கங்கே மினுங்கியது. இரும்பு உருகவே இல்லை. அழகெல்லாம் மேலே மட்டும்.

என் எடைக்கு அது உடனே விட்டது. பிள்ளை எடைக்கு விட்டிருக்காது. கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். ஆட்ட ஆட்ட, ஒரு மத்தியானம், அவள் கண்ணை மூடித் தூங்கும்போது விட்டிருக்கும்.

அண்ணாவும் சிரிப்பை நிறுத்தினார். நிறுத்திய கையோடு காரணங்கள் வர ஆரம்பித்தன. “மழ ஈரத்துல ராடு நனைஞ்சிருக்கும்பா.” ராடு புதுப் பெட்டி, காய்ந்துதான் இருந்தது. “அப்ப லைன்ல கரண்டு கம்மியா வந்திருக்கும். பக்கத்துல மாவு மிஷின் ஓடிச்சே.” மாவு மிஷினுக்கு அன்று லீவு. “அப்ப திருஷ்டிதான். நேத்து சுண்டல் வாங்க வந்தவன்லாம் மிஷினயே பாத்துகினு துன்னான். நா எலுமிச்சம்பழம் வாங்கியாறேன்.” போய்விட்டார்.

நான் அந்தத் தோசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே. கண்ணுகளா, பார்த்திருந்தேன். மெல்லிய குழாயில் ஜன்னல் கிரில் செய்யும்போது, ஓட்டை விழாமல் இருக்க நானே கேபிளை மாற்றிச் சொருகுவேன். அப்போது இப்படித்தான் சாந்தமாக எரியும், இப்படித்தான் மேலே படியும்.

நிமிர்ந்து மிஷினைப் பார்த்தேன். இரண்டு குங்குமக் கண்களும் என்னைப் பார்த்தன. எது பிளஸ், எது மைனஸ்? தினமும் குறியைப் பார்த்தே சொருகிப் பழகியதால், இடமா வலமா என்று மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. பொட்டைத் துடைத்துப் பார்க்கலாமென்று கையைக் கொண்டுபோனேன். எலுமிச்சம்பழத்தோடு அண்ணா வந்துவிட்டார்.

“டேய், டேய், இன்னா பண்ற? விஜயதசமி அன்னிக்கி பொட்ட அழிக்கிறியா? இதுக்கு மேல ஒரு பேஜாரு வேணாம்பா.”

சரி, மிஷின் வாயாலேயே சொல்லட்டும் என்று இரண்டு கேபிளையும் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினேன். இந்த நேரத்தில் அண்ணா பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, மிஷினை மூன்று சுற்றுச் சுற்றி வாசலில் பிழிந்து போட்டார். அவர் உள்ளே வரவும், நான் ஒரு துண்டு இரும்பில் ராடை உரசவும் சரியாக இருந்தது. பட்டறைக்குப் பழைய சத்தம் வந்தது. படபடவென்று பொரிக்கிற சத்தம். பொறி தெறித்தது. படிந்த வெல்டிங் சுமாராகத்தான் இருந்தது, என் கை வழக்கம்போல. வைஸில் மாட்டிச் சுத்தியலால் அடித்தேன். இரும்பு வளைந்தது, ஒட்டு விடவில்லை.

“பாத்தியா,” என்றார் அண்ணா. “எலுமிச்சம்பழம்.”

நான் துருவத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்றதும் கரெக்டாதான்பா இருக்கும். ஆனா பழம் சுத்தினப்புறம்தானே உனக்கு ஒட்டிச்சு?” கால வரிசைப்படி அவர் சொன்னது சரி.

ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் கிரைண்டரால் தேய்த்து எடுத்தேன். அந்த நகைக்கடை அழகு முழுக்கத் தூளாகிப் பறந்தது. திரும்ப முதலிலிருந்து, அவலட்சணமாக, ஆழமாக ஒட்டினேன். கொக்கியைச் சுற்றி இன்னொரு வரிசையும் வைத்தேன். ஆறியதும் புடவையைக் கட்டி உட்கார்ந்தேன். தாங்கியது. உலுக்கினேன். தாங்கியது. மனசு ஆறவில்லை.

“அண்ணா, நீங்களும் ஏறுங்க.”

“எனக்கு எதுக்குபா தூளி, பல்லு வேற போச்சு” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அந்தப் புடவைக்குள் ஆடிக்கொண்டிருந்தபோது, உங்கள் அம்மா சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

“கொழந்தைக்குக் கொஞ்சம் எடம் விடுங்க,” என்றாள்.

அண்ணா இறங்கக்கூட இல்லை. தூளியிலிருந்தபடியே காலைச் செய்தியை வாசித்துவிட்டார். “இது பரவால்ல தங்கச்சி. காலீல பாத்திருக்கணும். உன் வூட்டுக்காரரு குந்துனாரு, தொப்புனு ஆயிடுச்சு. கொக்கி தனியா, இவரு தனியா.”

அவள் சிரித்த சிரிப்பில் ரசம் கொஞ்சம் சிந்தியது. அப்படியே போனை எடுத்துத் தங்கைக்குப் போட்டாள், ஸ்பீக்கரில். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. பிள்ளை சிணுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஸ்டாண்டு ஒடஞ்சிடுச்சாக்கா?”

“ஒடையாம? உங்க மாமா உக்காந்தா ரயில்வே பாலமே எறங்கிடும்.”

“நிஜமா அதனாலதானா? வேற ஒண்ணும் இல்லல்ல?”

நான் தூளியிலிருந்து இறங்கி, “அது வெயிட் இல்லம்மா, பொலாரிட்டி” என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் மூடிக்கொண்டேன். துருவம் மாறியதால் இரும்பு உருகவில்லை, இப்போது உருகியிருக்கிறது என்று நான் சொன்னால், அவளுக்கு முதல் பாதிதான் காதில் விழும். பிறகு அந்த ஸ்டாண்டில் பிள்ளையைப் போட்டுவிட்டு ராத்திரி பூராவும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போனை வாங்கினேன். “என் வெயிட்டுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல. இப்ப கொக்கிய இன்னும் பலமா போட்டுட்டேன். ரெண்டு ஆம்பள ஏறி ஆடிப் பாத்துட்டோம்.”

அதைக் கேட்டதும்தான் அவள் சிரித்தாள். “மாமா, மொதல்ல நைட்டு சாப்பாட்ட கொறைங்க.”

இப்படித்தான் அந்தக் கதை பிறந்தது. சாயங்காலம் ஸ்டாண்டைக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாக, சித்தியும் பிள்ளையும் போன காருக்குப் பின்னால் நாவலூர் போனேன். சிறுசேரியில் வேலை செய்கிற உங்கள் சித்தப்பா, ஆபீசில் தன் கூட்டாளிகளுக்கும் போனில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. லிஃப்டில் ஏற்றும்போது என்னிடம், “அண்ணா, இதுல எழுதியிருக்கிற வெயிட்டுக்கு மேல ஏத்தக் கூடாது. நீங்க படியில வர்றீங்களா?” என்றார். படியிலேயே போனேன்.

சித்தி புடவையைக் கட்டினாள். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிள்ளையைப் போட்டாள். நாலு ஆட்டு ஆட்டுவதற்குள் அவன் தூங்கிவிட்டான். எனக்குக் காபி போடுகிறேன் என்று போனவள் சோபாவில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே வாய் திறந்து தூங்கிப்போனாள். சித்தப்பாதான் காபி போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அப்படியே குடித்தேன். அது எதையும் திருத்துகிற நாளாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஸ்டாண்டு நாவலூர் பால்கனியில் இருக்கிறது. சித்தப்பாவின் ஈர ஜீன்ஸெல்லாம் அதில் தொங்குகிறது. இனிமேல் சொல்லலாம் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். படித்துவிட்டு, அடுத்த விசேஷத்தில் சித்தி கதையைத் தொடங்கும்போது என்னைக் காப்பாற்ற வராதீர்கள். சிரியுங்கள். நடுவில் துருவம் என்று ஆரம்பித்தால் பந்தியில் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அன்றைக்கு நாவலூரிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. நன்றாக இருட்டியிருந்தது. அண்ணா பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய் லைட்டைப் போட்டேன். மிஷின் முன்னால் உட்கார்ந்து, நான் ஹோல்டர் கேபிளை மாற்றிச் சொருகிய பக்கத்துப் பொட்டை நகத்தால் மெதுவாகச் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் உள்ளங்கையில் உதிர்ந்தது. பள்ளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளஸ் தெரிந்தது. உதிர்ந்ததைத் தரையில் கொட்ட மனம் வரவில்லை. பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, என் நெற்றியில் வைத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினேன்.